கைகாட்டியும் கைவிளக்கும்

நுழையும்முன்

தொடர்வண்டியில் பயணம் செய்யாதவர் அரியர். அதன் முன்பகுதியில் நின்று பணிசெய்தவரை அறிந்தவரும் அரியர். சேலம் மாவட்டம் ஆட்டையாம்பட்டியில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் ஓட்டுநர் ஒருவர், ஈரோட்டு நீராவி இயந்திரப் பணிமனையில் தொடங்கிய தம் நாற்பதாண்டுப் பணியை நினைவுகூரும் உரைநடைப் பகுதி இது.

இருப்புப்பாதை இல்லாத ஊர்

ஆட்டையாம்பட்டி என்றவுடன் முறுக்கை நினைப்பவரே மிகுதி. அச்சில் பிழியாமல் விரல்களால் மாவைத் திரித்துச் சுற்றும் கைம்முறுக்கு எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. எங்கள் ஊருக்கு இருப்புப்பாதை வாய்க்கவில்லை. வடக்கே வீரபாண்டி ரோடு நிலையத்தின் வழியாகச் சேலம் – ஈரோடு பாதை செல்கிறது. வாடைக்காற்று வீசும் மார்கழி இரவுகளில் வண்டியின் ஊதல் எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துசேரும். அந்த ஒலியை வைத்தே என் பாட்டி நேரம் சொல்வார். வீட்டில் கடிகாரம் இல்லை.

அந்தப் பாதை என் பாட்டனாரின் காலத்துக்கும் முந்தியது. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலான தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது சேலத்தையும் ஈரோட்டையும் கடந்து, 1862இல் மேற்குக் கடற்கரைப் பேப்பூரோடு சென்னையை இணைத்துவிட்டது. வீரபாண்டி ரோட்டுக்கு அடுத்த நிலையம் மகுடஞ்சாவடி. மெக்டொனால்டு என்னும் வெள்ளைக்கார அலுவலரின் பெயரால் அமைந்த சாவடி, ஊரார் நாவில் மகுடம் சூட்டிக்கொண்டு தமிழாகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்த நிலையத்தின் பெயர் நெடுங்காலமாக மெக்டொனால்ட்ஸ் சௌல்ட்ரிதான். பணியில் சேர்ந்த புதிதில் இவை இரண்டும் வெவ்வேறு நிலையங்கள் என்று எண்ணி நான் குழம்பியதுண்டு.

கரியும் நீரும்

1961ஆம் ஆண்டு, இருபதாவது வயதில், ஈரோட்டுப் பணிமனையில் கலாசியாகச் சேர்ந்தேன். கலாசியின் வேலை இயந்திரத்தைத் துடைப்பது. மண்ணெண்ணெயில் நனைத்த நூற்கழிவால் சக்கரங்களையும் இணைப்புத் தண்டுகளையும் துடைக்க வேண்டும். இழிவான வேலை என்று முதலில் எண்ணினேன். துடைக்கும் கைதான் விரிசலை முதலில் கண்டுபிடிக்கும் என்பதைப் பின்னர் அறிந்தேன். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய இரும்பின் மீது மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். ஓடும்போது அந்தத் தண்டு முறிந்தால் என்ன நேரும் என்பதை அவர் எங்களுக்கு ஒருமுறைதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

அக்காலத்தில் அகலப்பாதையில் இருவகை இயந்திரங்கள் புகழ்பெற்றிருந்தன. டபிள்யூ.பி. என்பது பயணிகள் வண்டிக்குரியது, டபிள்யூ.ஜி. என்பது சரக்கு வண்டிக்குரியது. முதலெழுத்து அகலப்பாதையையும் இரண்டாம் எழுத்து பணியையும் குறிக்கும். டபிள்யூ.பி. இயந்திரங்கள் 1947இல் அமெரிக்காவின் பால்டுவின் தொழிற்சாலையிலிருந்து முதன்முதலில் வந்தன. கூம்பிய மூக்கும், அம்மூக்கில் தீட்டிய விண்மீன் வடிவமுமாக அவை அழகாக இருக்கும். டபிள்யூ.ஜி.யில் அழகு குறைவு, இழுவை மிகுதி. மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950இல் உருவாக்கிய முதல் இயந்திரம் இவ்வகையைச் சேர்ந்ததுதான். தேசபந்து சித்தரஞ்சன் தாசின் நினைவாக அதற்குத் தேஷ்பந்து என்று பெயரிட்டார்கள். நான் பணியாற்றியவை பெரும்பாலும் டபிள்யூ.ஜி. என்பதால் என் சார்பு எப்பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கலாசி, இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், ஷண்டர், அதன்பின் சரக்கு வண்டி ஓட்டுநர், பயணிகள் வண்டி ஓட்டுநர், இறுதியில் மெயில் ஓட்டுநர். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்குச் செல்ல இயலாது. எந்த ஓட்டுநரும் ஒரு காலத்தில் கரி வாரியவர்தான்.

கரி வாருவதற்கு உடல்வலிமை மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. கைமுட்டி அளவுக்கு உடைத்த நிலக்கரியை நெருப்பறையின் தளம் முழுவதும் சீராகப் பரப்ப வேண்டும். ஓரிடத்தில் மேடாகக் குவிந்தால் அங்கே காற்றுப் புகாது; ஓரிடத்தில் பள்ளமானால் குளிர்ந்த காற்று நேராக உட்புகுந்து கொதிகலனைக் குளிர்வித்துவிடும். நெருப்பறையின் கதவு திறந்திருக்கும் சில நொடிகளில், கண்ணைக் கூசவைக்கும் வெண்ணெருப்புக்குள் எங்கே பள்ளம் என்று பார்த்து அங்கே கரியை வீச வேண்டும். வீசியபின் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். கரும்புகை வந்தால் கரி எரியாமல் வீணாகிறது. புகையே இல்லையென்றால் காற்று மிகுந்துவிட்டது. இளஞ்சாம்பல் நிறத்தில் புகை வந்தால் ஓட்டுநர் திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் திரும்பிப் பார்க்காததே எங்களுக்குக் கிடைத்த பாராட்டு.

கரியைவிட அஞ்சத்தக்கது நீர். நெருப்பறையின் கூரை, கொதிகலன் நீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்து கூரைத்தகடு வெளிப்பட்டால் அது பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும். சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தத்தில் உள்ள நீராவி அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அத்தகைய வெடிப்பைத் தடுப்பதற்காகவே கூரைத்தகட்டில் ஈயம் அடைத்த துளைகள் உண்டு. நீர் தாழ்ந்தால் ஈயம் உருகி, நீராவி பாய்ந்து நெருப்பை அடக்கும். ஈயம் உருகவிட்ட ஃபயர்மேன் என்னும் பெயர் பணிமனையில் ஒருவருக்கு வந்துவிட்டால், அவர் ஓய்வுபெறும் வரை அது உடன்வரும்.

நீர்மட்டத்தைக் காட்டுவதற்கு ஒரு கண்ணாடிக்குழாய் இருக்கும். முதன்முதலாகச் சரக்கு வண்டியில் தனித்துப் பொறுப்பேற்ற நாளன்று, கண்ணாடியில் நீர் பாதியளவு நிற்பதைக் கண்டு நிம்மதியாக இருந்தேன். ஓட்டுநர் முதியவர். என்னை அருகில் அழைத்தார்.

"தம்பி, தண்ணி எவ்வளவு?"

"பாதி இருக்குங்க ஐயா."

"கண்ணாடியில எவ்வளவுன்னு நான் கேக்கல. பாய்லர்ல எவ்வளவு?"

கண்ணாடிக்குழாயின் கீழ்த்திருகைத் திறந்து நீரை வெளியேற்றி மூடச் சொன்னார். மூடியபின் நீர் மேலேறவே இல்லை. குழாயின் கீழ்வழி உப்புப் படிந்து அடைபட்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அரைமணி நேரத்துக்கு முந்திய நீர். உடனே அவர் நீரேற்றியைத் திறந்தார். கொதிகலனின் நீராவியையே விசையாகக் கொண்டு, அக்கொதிகலனின் அழுத்தத்தை எதிர்த்து நீரை உட்செலுத்தும் கருவி அது. வேலை செய்யும்போது வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலிக்கும். அந்த ஒலி கேட்டபின்தான் என் கால்நடுக்கம் நின்றது. என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த நிலையம் வரும்வரை பேசவும் இல்லை. பெட்டியில் என் வீட்டார் கட்டிக்கொடுத்திருந்த முறுக்கை நீட்டியபோது ஒன்றை எடுத்துக்கொண்டு, "ஒவ்வொரு பயணத்துக்கும் திறந்து பாரு" என்றார். அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் திறந்து பார்த்தேன்.

இரவில் வரும் அழைப்பு

எங்கள் பணிக்கு நேரம் கிடையாது. நள்ளிரவிலும் வண்டி புறப்படும் என்பதால், புறப்பாட்டுக்கு முன்னரே ஒருவர் மிதிவண்டியில் வந்து வீட்டுக்கதவைத் தட்டுவார். அவரைக் கால் பாய் என்போம். கையில் விளக்கும் அழைப்பேடும் இருக்கும். தூக்கக் கலக்கத்தோடு ஏட்டில் கையொப்பமிட்ட நொடியிலிருந்து நாம் வீட்டுக்கு உரியவர் அல்லர். இரயில்வே காலனியில் ஒரு வீட்டுக்கதவு தட்டப்பட்டால் இருமருங்கிலும் உள்ள வீடுகளில் விழிப்பு வந்துவிடும். யாருக்கு அழைப்பு என்று குழந்தைகள் எழுந்து கேட்பார்கள். அடுத்தடுத்து மூன்று தீபாவளிகளைச் சோலார்ப்பேட்டை ஓய்வறையில் கழித்தேன் என்பதை என் மனைவி இன்றும் நினைவூட்டத் தவறுவதில்லை.

பணியேற்பு முதல் பணிவிடுப்பு வரை பன்னிரண்டு மணி நேரமும் ஆகும். பதினாறு மணி நேரமும் ஆகும். சரக்கு வண்டியை ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டால் கணக்கே இல்லை. களைத்த கண்ணுக்குச் சிவப்பும் பச்சையாகத் தெரியும் என்பது எங்களிடையே வழங்கிய பேச்சு. இயந்திரப் பணியாளர்கள் 1973இல் பத்துமணி நேர வேலை கேட்டுப் போராடியதற்கும், 1974ஆம் ஆண்டு மே 8 முதல் இருபது நாள்கள் அளவில் நாடு முழுவதும் இரயில்வே ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கும் ஊதியத்தைப் போலவே இந்த நேரக்கணக்கும் காரணம். அந்நாள்களில் வேலையிழந்து பின்னர் மீண்டவர்களும் மீளாதவர்களும் உண்டு. அதுபற்றி விரித்துரைக்க இது இடமன்று.

காணாதவரின் கைகள்

ஓட்டுநர் தம் கண்ணால் காணக்கூடிய தொலைவு சிறியது. நிறைந்த சுமையோடு விரையும் வண்டியை அத்தொலைவுக்குள் நிறுத்த இயலாது. எனவே அவர் தமக்கு முன்னே உள்ள பாதையை வேறொருவரின் கண்ணால் காண்கிறார். அக்கண்கள் பேசும் மொழிதான் கைகாட்டி. உயர்ந்த கம்பத்தில் நீண்ட தகடு கைபோல் கிடைமட்டமாக நின்றால் நிறுத்து. சரிந்து தாழ்ந்தால் செல். இரவில் அதனோடு சிவப்பு, பச்சை விளக்கு எரியும். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு. கைகாட்டி என்று பெயரிட்ட தமிழர் யாரோ, கம்பத்தில் ஒரு மனிதரைக் கண்டிருக்கிறார். கைகாட்டியின் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே நிறுத்து நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருப்பார்கள். பிழை நேர்ந்தால் அது வண்டியை நிறுத்தும் பக்கமாகவே நேர வேண்டும் என்பது அதன் உட்கருத்து.

ஒற்றைத் தண்டவாளப் பகுதியில் இது மட்டும் போதாது. எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடலாம். அங்கே ஓர் இரும்புப் பந்து ஆட்சி செய்தது. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைத்த கருவிகள் இருக்கும். இருபக்க நிலைய அதிகாரிகளும் இசைந்தால் ஒரு கருவியிலிருந்து ஒரு பந்து வெளிவரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு கருவிகளும் வேறு பந்தைத் தரா. பந்தைக் கையில் வைத்திருப்பவருக்கே பாதை சொந்தம். பிரம்பு வளையத்தில் கட்டிய தோற்பையில் அதை இட்டு, நிலையப் பணியாளர் நடைமேடையில் நின்று நீட்டுவார். ஓடும் இயந்திரத்திலிருந்து ஃபயர்மேன் கையை வளைத்து அந்த வளையத்தைக் கோத்துக்கொள்வார். பழைய பந்துள்ள வளையத்தை எறிவார். என் இடக்கையின் மேற்பகுதியில் அந்தப் பிரம்பு பதித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பேரக்குழந்தைகள் அதைப் போர்த்தழும்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை.

தெரிந்து தெளிவோம்

இருப்புப்பாதையில் ஆபத்தை அறிவிக்கப் பயன்படும் வெடிக்கருவியைப் பணியாளர்கள் பட்டாசு என்பர். தட்டையான சிறு வட்டத் தகரப் பெட்டி அது. அதன் பட்டைகளை மடக்கித் தண்டவாளத்தின் மேல் பொருத்துவர். சக்கரம் ஏறியதும் பேரொலியுடன் வெடிக்கும். அகலப்பாதையில், தடை உள்ள இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒன்றும், 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியுடன் மூன்றும் வைக்க வேண்டும் என்பது விதி.

லோக்கூர்ச் சரிவு

1956ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவுவண்டி ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அப்போது நான் பள்ளி மாணவன். தேநீர்க் கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கக் கேட்டேன். பணியில் சேர்ந்தபின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மூத்தவர்கள் அந்த ஆற்றின் பெயரைச் சொல்வார்கள். அதற்குமேல் எதுவும் சொல்லமாட்டார்கள்.

நான் முதல் ஃபயர்மேனாக இருந்த காலத்தில் ஓர் ஐப்பசி இரவு. சோலார்ப்பேட்டையிலிருந்து ஈரோட்டுக்குச் சரக்கு வண்டி. பொம்மிடியைக் கடக்கும்போதே மழை வலுத்துவிட்டது. லோக்கூருக்கும் தானிஷ்பேட்டைக்கும் இடையே சேர்வராயன் மலையடிவாரத்தில் பாதை வளைந்து வளைந்து இறங்கும். மழை பெய்தால் மலையோடைகள் யாவும் அங்கேதான் பாதையைக் கடக்கும். ஓட்டுநர் ஒரு கையைத் தடையின் பிடியிலேயே வைத்திருந்தார். முகப்பு விளக்கின் ஒளியில் மழையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சக்கரத்தடியில் வெடித்தது. உடனே இன்னொன்று, இன்னொன்று. மூன்று. ஓட்டுநர் எதையும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தடையை முழுமையாக இழுத்தார். பின்னாலிருந்த பெட்டிகள் ஒன்றையொன்று முட்டும் ஒலி வண்டியின் கடைசி வரைக்கும் ஓடியது. சரிவு எங்களை விடவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டே சென்றது. மணற்குழாயைத் திறந்து தண்டவாளத்தில் மணலைப் பொழிந்தோம். நான்காவது பட்டாசுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. மழைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு விளக்கு அசைந்தபடியே எங்களை நோக்கி ஓடிவந்தது.

வந்தவர் கேங்மேன். கோணிச்சாக்கைத் தலைமேல் கவிழ்த்திருந்தார். மூச்சு வாங்கியதில் முதலில் அவரால் பேச இயலவில்லை.

"ஓடைப் பாலத்துக்கிட்ட மண்ணே இல்லீங்க. தண்டவாளம் மட்டும் தொங்குதுங்க."

ஓட்டுநர் நான்குமுறை குறுக ஊதினார். வண்டி மேற்செல்ல இயலாது என்று கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்கு அறிவிக்கும் ஊதல் அது. கார்டு விளக்கையும் பட்டாசுகளையும் எடுத்துக்கொண்டு, பின்னால் வேறு வண்டி வந்துவிடாதபடி காக்க எதிர்த்திசையில் நடந்திருப்பார். எங்களுக்கு அவர் விளக்கு தெரியவில்லை. நடந்திருப்பார் என்று தெரியும்.

கேங்மேனோடு நானும் சென்று பார்த்தேன். ஓடை, பாலத்தின் தோளிலிருந்த மண்ணையும் சரளைக்கல்லையும் அரித்துச் சென்றிருந்தது. தண்டவாளங்கள் இரண்டும் கட்டைகளோடு, ஏணியைப் படுக்கவைத்ததுபோல் வெற்றிடத்தின் மேல் கிடந்தன. கீழே வெள்ளத்தின் ஓசை. இரவு ரோந்தில் அவரும் இன்னொருவரும் வந்திருக்கிறார்கள். உடைப்பைக் கண்டதும் ஒருவர் தானிஷ்பேட்டைப் பக்கம் ஓட, இவர் எங்கள் பக்கம் ஓடியிருக்கிறார். ஆயிரத்து இருநூறு மீட்டர், ஏற்றம், இருள், ஈரமான சரளைக்கல். பட்டாசுகளைப் பொருத்திவிட்டுத் திரும்பி நடந்தபோது எங்கள் ஊதல் கேட்டதாம். வண்டி வரும் என்பது அவருக்குத் தெரியும். எப்போது வரும் என்பது தெரியாது. இடையிலேயே வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "விளக்கத் தூக்கிக்கிட்டு நின்னிருப்பேனுங்க" என்றார்.

அந்தச் சரிவில், அந்த மழையில், விளக்கை மட்டும் கண்டு எங்களால் வண்டியை நிறுத்தியிருக்க முடியாது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

விடியும்வரை அவர் எங்கள் இயந்திரத்தில், நெருப்பறைக்கு அருகில் அமர்ந்து துணியை உலர்த்தினார். இருந்த முறுக்கை மூவரும் பகிர்ந்துகொண்டோம். பொழுது புலரும் வேளையில் மேஸ்திரியும் மற்றத் தொழிலாளர்களும் மண்வெட்டிகளோடு வந்துசேர்ந்தனர். அவர் எழுந்து, பாதி உலர்ந்த சட்டையை அணிந்துகொண்டு, தமக்குரிய கூடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு இறங்கிவிட்டார். எங்கள் வண்டியை வேறோர் இயந்திரம் வந்து பொம்மிடிக்குப் பின்னிழுத்துச் சென்றது. அவர் பெயரை நான் கேட்கவில்லை. அப்போது தோன்றவில்லை, பிறகு வாய்க்கவில்லை. அன்றைய பணிக்குறிப்பேட்டில் ஓட்டுநர் எழுதியது ஒரே வரி: பாதை பழுது, பட்டாசு ஒலி கேட்டு வண்டி நிறுத்தப்பட்டது.

ஒப்படைப்பு

டீசல் இயந்திரங்கள் வந்தபின் கரியும் சாம்பலும் போயின. எனக்கு மகிழ்ச்சிதான். நீராவியின் அழகைப் பற்றி உருகுபவர்கள் கோடைக்காலத்து நண்பகலில் நெருப்பறைக் கதவின் முன் நின்றவர்களாக இருக்கமாட்டார்கள். ஆனால் டீசலில் ஒன்று குறைந்தது. நீராவி இயந்திரம் ஒலியால் தன் நலத்தைச் சொல்லும். டீசல் இயந்திரம் எல்லாவற்றையும் மானிகளில் காட்டிவிட்டு ஒரே சீராக உறுமும். 1990களில் எங்கள் பகுதியில் மின்கம்பிகளும் வந்துவிட்டன. கைகாட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி, வண்ணவிளக்குகள் ஏறின. நான் மீண்டும் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, என் மகன் வயதுடையவர்களோடு அமர்ந்து மின்சுற்றுப் படம் கற்றேன்.

2001இல் ஓய்வுபெற்றேன். கடைசிப் பயணம் முடிந்ததும் ஓட்டுநருக்கு வழங்கப்பட்ட பொருள்களைத் திருப்பித் தர வேண்டும். மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தேன். சிவப்புக் கொடிகள், பச்சைக் கொடி, கைவிளக்கு, விதிநூல், பட்டாசுப் பெட்டி. எழுத்தர் இளைஞர். பட்டாசுப் பெட்டியின் மூடியைத் திறந்து எண்ணினார். பத்து இருந்தன. காலாவதியானவற்றை மாற்றி வாங்கியதைத் தவிர, ஓட்டுநராக இருந்த ஆண்டுகளில் ஒன்றையும் தண்டவாளத்தில் பொருத்த எனக்கு நேர்ந்ததில்லை. அவர் பதிவேட்டில் பத்து என்று எழுதிக் கையொப்பமிட்டு, என்னையும் இடச்சொன்னார். இட்டேன்.